பழவேற்காட்டில் கயாக்கைக் கரைசேர்த்த அண்ணனுக்கு நன்றி

ஆந்திரா வரை விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியில், எங்கள் கயாக் (சிறு துடுப்புப் படகு) ஒருபக்கமாகச் சாய்வதைப் பார்த்து, வலையை அப்படியே விட்டுவிட்டு வந்து கரைசேர்த்த மீனவ அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்டும் சொல்லவில்லை.

கோளாறை உடனே பிடித்துவிட்டார். பின்பக்க வடிகால் துளையை மூடும் திருகின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தது. உள்ளே புகுந்த தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடித் திரளும், சாய்வு இன்னும் கூடும். துடுப்பை எப்படிப் போட்டாலும் நிமிராது. முன்மூக்கைத் தூக்கிப் பின்துளை வழியாக முழுதும் வடித்தார். பிறகு மரைநுனி தன்னைப் பார்க்கும்படி திருகைப் பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப் மூன்று சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே உரிந்து வந்துவிடும். இது அவசரத்துக்கு மட்டுமே, புது வாஷர் கட்டாயம்.

ஏரி ஆழமில்லை என்று நம்பி யாரும் இறங்கி நிற்க வேண்டாம் என்றும் சொன்னார். சேற்றில் கால் புதைந்துவிடும். கவிழ்ந்தால் காலை உதைத்து மிதந்து, படகின் குறுக்கே வயிறு படிய ஏறுவதுதான் சரி. ஓதம் இறங்கி நீர் கடலுக்கு வடியும் நேரத்தில் முகத்துவாரப் பக்கமே போகக்கூடாது, கடலுக்கு இழுக்கும்.

அண்ணா, உங்கள் அன்றைய மீன்பாடு எங்களால் கெட்டது. மறக்க மாட்டோம்.