மாடு சப்பின சட்டை யாரின்ர?

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்பு சுகந்தி,

உன்ர வாய்ஸ் மெசேஜ் கேட்டனான், பனிக்குள்ள இருமிக்கொண்டு கதைக்கிறாய், பாத்துக்கொள்ளு.

இங்க மகளுக்கு கம்பஸ்ல அசைன்மென்ட், யுத்தகாலத்துப் பொம்பிளையளப் பற்றி. அம்மாட்டப் போய் ரெக்கோட் பண்ணக் கேட்டிருக்கிறாள், அம்மா சொன்னது ஒரே வசனம்தான், "நான் என்ன பிள்ளை செய்தனான், சமைச்சனான்." அவளும் ஃபோனை ஓஃப் பண்ணிப்போட்டு வந்திட்டாள். எனக்கெண்டா விசர் வந்திட்டுது.

90 ஜூன்ல சண்டை துவங்கி யாழ்ப்பாணத்தில கரண்ட் போனதோட நாங்கள் படிச்சதெல்லாம் ஜாம் போத்தல் விளக்கிலதானே, பஞ்சில நாலு சொட்டு மண்ணெண்ணெய், அந்த நாலு சொட்டு எத்தினை பாடத்துக்குக் காணும் எண்டு கணக்கு வச்சிருந்தது ஆர்? அப்பா கொழும்பில மாட்டுப்பட்டு நிக்க, பெற்றோலும் இல்ல, பஸ்ஸும் இல்ல, அம்மா 36 வயசில கோயில் ஒழுங்கையில சைக்கிள் பழகினவ, சீலைக்கரை செயினுக்க போய் விழுந்து முழங்கால் உரிஞ்சது இப்பவும் அடையாளம் இருக்கு. இரவில அதே சைக்கிளைக் கவிட்டு வச்சு நாங்கள் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ ஓடி பிபிசி தமிழோசை கேக்கும். சுத்திறதை விட்டா நியூஸும் நிண்டிடும்! பங்கருக்கு மண்மூட்டை தைக்க அவவின்ர நல்ல சீலையள்தான் போனது, கூறையை மட்டும் குடுக்கேல்ல.

95 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால சனம் நெருக்கி நெருக்கிப் போகேக்க நான் கொப்பி புத்தகத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நடந்தன், அவ எடுத்தது அரிசி, நெருப்புப்பெட்டி, உப்புப் போத்தல். சாவகச்சேரிப் பள்ளிக்கூட விறாந்தையில விடிய கஞ்சி காய்ச்சேக்க பக்கத்தில இருந்த அஞ்சாறு குடும்பமும் எங்களிட்டத்தான் உப்புக் கேட்டது.

2022 மார்ச் கடைசியில இங்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்க முழு ஃப்ளாட்டும் புலம்பிச்சுது, அம்மா மட்டும் நல்ல உசாரா கீழ்வீட்டுச் சிங்கள நோனாவுக்கு அரைகுறைச் சிங்களத்தில ஜாம் போத்தல் விளக்குச் செய்யக் காட்டிக்கொண்டு நிண்டவ. இதை மகளுக்கு ஞாபகப்படுத்தினன். இப்ப குசினிக்க ஃபோனோட குந்தியிருக்கிறாள், கிழவி நிப்பாட்டுற மாதிரித் தெரியேல்ல.

ஒரு சண்டை மட்டும் தீரேல்ல. சவுக்காரம் இல்லாத நேரம் பனங்காயில தோய்ச்சுப்போட்ட யூனிஃபோமை அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பினதெல்லோ, அது எங்கட வீட்டில எண்டு அம்மா நிக்கிறா, எனக்கெண்டா அது உன்ர சட்டை மாதிரித்தான் ஞாபகம். உங்கட அம்மாவைக் கேட்டுச் சொல்லு, பிள்ளை வெள்ளிக்கிழமை குடுக்கவேணுமாம்.

உன்ர,
வாணி