முதலில் மூச்சு மட்டும்

கண்ணம்மா,

பாப்பா தூங்கும்போது படி. உடனே பதில் எழுத வேண்டாம்.

இப்போதெல்லாம் நீ பேசும்போது கேமராவைப் பாப்பா பக்கமே வைத்துவிடுகிறாய். அவளைப் பார்க்க எனக்கும் ஆசைதான். சரி, அதை விடு. தினமும் ஐம்பது தடவை படுத்தெழும் பயிற்சி செய்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அதை நிறுத்து. கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

வயிற்றில் மேலிருந்து கீழே ஓடும் இரண்டு தசைகளும் பாப்பாவுக்கு இடம் விட்டு விலகியவை. நடுவில் அவற்றைப் பிணைக்கும் இழை மெலிந்து போயிருக்கும். தலையையும் தோளையும் தூக்கி எழும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் அந்த மெல்லிய இடத்தைத்தான் வெளியே தள்ளும், கீழே கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசையையும் அழுத்தும். நீயே பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கு. தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்கு. தொப்புளிலும் அதற்குக் கீழேயும் அதே மாதிரி பார். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் இருந்தாலோ, நடுவில் கூரை முகடு மாதிரி புடைத்தாலோ, அந்த அசைவு இப்போது உனக்கு ஆகாது. காலையும் நெஞ்சையும் படகு மாதிரி தூக்கும் நௌகாசனமும், முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தும் பிளாங்கும் அப்படித்தான். பிரசவமாகி 8 வாரம் தாண்டியும் இடைவெளி குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டும். உனக்கு இது பத்தாவது வாரம்.

முதலில் மூச்சு மட்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படு. முதுகு வலித்தால் ஒருக்களித்துப் படு, நாற்காலியில் உட்கார்ந்தாலும் போதும். கைகளைக் கடைசி விலா எலும்புகள் மேல் வை. மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரியட்டும். வாய் குவித்து மெல்ல விடும்போது, காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையைக் கீழிருந்து மேலே இழு. அடிவயிறு தானாக உள்ளே போகும், நீ எக்க வேண்டாம். அடுத்த மூச்சில் முழுவதும் தளர்த்து. பலருக்கு இந்தத் தளர்த்துவதுதான் வராது. பிட்டத்தை இறுக்காதே, மூச்சை அடக்காதே. முதலில் அந்த இழுப்பை ஐந்து எண்ணும் வரை பிடித்தால் போதும். போகப்போகப் பத்து வினாடி, பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இதைச் செய்து பார்க்காதே.

அது பழகிய பிறகு, பூனை மாதிரி நான்கு காலில் நின்று முதுகை வளைக்கும் மார்ஜரி ஆசனம். பாப்பாவைத் தூக்கித் தூக்கி உன் மணிக்கட்டு வலிக்கும். அதனால் முழங்கையை நாற்காலி மேல் ஊன்றிக்கொள். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனத்தில், மூச்சு விடும்போது இடுப்பைக் கொஞ்சமாகத் தூக்கு, முழு உயரம் வேண்டாம். தையல் இருக்கும் இடம் இழுத்தால் அங்கேயே நிறுத்து. மூட்டுகள் இன்னும் சில மாதம் இளகித்தான் இருக்கும், வளைகிறதே என்று நீட்டிவிடாதே. உதிரம் மறுபடி வந்தாலோ, கீழே ஏதோ இறங்குவதுபோலக் கனத்தாலோ, தும்மினால் சிறுநீர் கசிந்தாலோ டாக்டரிடம் சொல். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழு. பாப்பாவைத் தூக்கும்போதும் மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு. அடக்காதே. சின்ன வயதிலேயே நான் சொன்னதும் நீ பிடித்துக்கொள்வாய், எத்தனையோ பேருக்கு ஆசனம் சொல்லிக்கொடுத்தும் உன்னைப் போல ஒருத்தியை நான் பார்க்கவில்லை. ஆனால் வலித்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாய்.

ஆறாம் வாரம் வந்திருந்தபோது, "வயிறு இன்னும் உள்ளே போகலையே" என்று கேட்டேன். நீ சிரித்தாய். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் பேச்சை மாற்றிவிட்டேன். ஊருக்கெல்லாம் உடம்பைத் திட்டாதீர்கள் என்று சொல்பவள், பெற்ற பெண்ணிடம் அப்படிக் கேட்டேன். அந்த ஐம்பதும் என் வாயிலிருந்து வந்ததுதான். என் தப்பு, கண்ணு. மன்னித்துக்கொள்.

அழுகையோ வெறுமையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இராத்திரி எந்த நேரமானாலும் எனக்குக் கூப்பிடு. கேமரா வேண்டாம், குரல் போதும்.

அம்மா