அது துரு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் துருப்பிடிக்காது, அதனால் அதற்குக் கிரீஸ் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவதை நம்பினால் கடைசியில் ஹேக்ஸா பிளேடைத்தான் தேட வேண்டியிருக்கும், நான் தேடியிருக்கிறேன்.

போல்ட்டும் புதுசு, நட்டும் புதுசு. கையால் நாலு சுற்று லேசாகப் போனது, சரி என்று இம்பாக்ட் டிரைவரை வைத்து விர்ரென்று ஏற்றினேன், பாதியில் கீச்சென்று நின்றது, அப்புறம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அறுத்துப் பார்த்தால் ஒரு பொட்டுத் துரு இல்லை. நட்டிலிருந்து பிய்ந்த உலோகம் போல்ட்டின் மரையில் அப்பிக்கிடந்தது, நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது.

எவ்வளவு வழவழப்பான உலோகத்திலும் நுண்ணிய மேடுபள்ளம் உண்டு. இரண்டு பரப்புகள் அந்த மேட்டு முனைகளில் மட்டும்தான் தொடுகின்றன, மொத்த அழுத்தமும் அங்கேதான் விழுகிறது. துருவைத் தடுக்கும் குரோமியம் ஆக்சைடு படலமோ சில நானோமீட்டர் தடிமன்தான். உரசலில் அது கிழிந்தால் காற்றுபட்டு மறுபடி படரும், ஆனால் இறுகிய மரைக்குள் காற்று எங்கே போகும்? வெற்று உலோகங்கள் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்கின்றன, ஆங்கிலத்தில் இதை galling என்பார்கள். மேலும் முறுக்கினால் ஒட்டு விடாது, பக்கத்து உலோகம்தான் பிய்ந்து வரும், அந்தக் கட்டி அடுத்த இடத்தை உழும். 304, 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்கள் தங்களோடு தாங்களே உரசும்போது இதில் ரொம்ப மோசம். வேறு உலோகத்தோடு என்றால் அவ்வளவு எளிதில் ஒட்டாது, சுழலும் எஃகுத் தண்டுக்கு வெண்கல புஷ் (உறை) போடுவது சும்மா இல்லை.

நாசாவே இதில் மாட்டியிருக்கிறது. 1989இல் கிளம்பிய கலிலியோ விண்கலத்தின் குடை ஆண்டெனா 1991 ஏப்ரலில் முழுதாக விரியவில்லை. ஏவுவதற்கு முந்தைய லாரிப் பயணக் குலுக்கலில் உலர் மசகுப் பூச்சு தேய்ந்து, ஆண்டெனாவின் பின்கள் (சிறு முளைகள்) இப்படி ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

ஆகவே மரையில் மாலிப்டினம் டைசல்பைடோ நிக்கலோ கலந்த பேஸ்ட்டைத் தடவி, கை ஸ்பேனரால் நிதானமாகச் சுற்றச் சொல்லுங்கள். பேஸ்ட் போட்டால் வழக்கமான டார்க்கை (முறுக்கு விசையை) கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் இழுபட்டுவிடும். நடுவில் கை கனத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, எண்ணெய் விட்டுப் பின்னால் திருப்பிப் பார்க்கலாம். திருத்தம் போடும்போது இம்பாக்ட் டிரைவரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்