ஊசி இல்லாட்டி எல்லாருக்கும் சரி வருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட மருத்துவப் பக்கத்தில ஒஸ்டியொயிட் ஒஸ்டியோமா எண்ட எலும்புக் கட்டியப் பத்தி வந்தத வாசிச்சன். ஊசியும் இல்ல கத்தியும் இல்ல, அல்ட்ராசவுண்டாலயே சுட்டுப் போடலாம் எண்டு பெரிசாப் போட்டிருந்தீங்க, அத வாசிச்சிட்டு எங்கட ஊர்ல ரெண்டு பேர் கோல் எடுத்து மகனுக்கு ஏன் நீங்க அதச் செய்யல்ல எண்டு கேட்டுட்டாங்க, அதான் எழுதுறன்.

மகனுக்கு 14 வயசு, தொடை எலும்புல நோ. பகல்ல கிரிக்கெட் விளையாடுவான், ராவு ரெண்டு மணிக்கு எழும்பிக் கால் பிடிச்சிட்டு அழுவான். வளர்ற பிள்ளைக்கு அப்பிடித்தான் எண்டாங்க, முறிவு வைத்தியரிட்டயும் எண்ணெய் போட்டுக் கட்டினம். மாரி காலம், டெங்குப் பயத்தில பனடோலத் தவிர வேற குளிசை குடுக்கல்ல, அதுதான் எங்கள மாசக்கணக்கா அலைய விட்டது. கட்டி ஒண்டரை சென்ரிமீற்றரும் வராது, ஆனா அதுக்குள்ள ப்ரொஸ்டகிளாண்டின் எண்ட நோ உண்டாக்கிற பொருள் நிறையச் சுரக்குதாம், அத அடக்கிறது இபுபுரூபன் மாதிரிக் குளிசைதான். மழை விட்ட பிறகு ஒரு டொக்டர் அதக் குடுத்தார், விடியும் வரைக்கும் படுத்தான். மறுகா அவரே சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எக்ஸ்ரேல பிடிபடாதது அதுல தெளிவாத் தெரிஞ்சது.

கொழும்புலதான் செய்தம். மயக்கிப் போட்டு, சிடி பார்த்து எலும்பத் துளைச்சு ஊசிய கட்டிக்குள்ள விட்டு, ரேடியோ அலையால 90 பாகை செல்சியஸ் சூட்டில ஆறு நிமிசம் சுட்டாங்க. இந்த முறை 1992லயே அமெரிக்காவில எழுதப்பட்டதாம். முந்தின மாதிரி எலும்ப வெட்டி எடுத்தா மாசக்கணக்கில கால் ஊண்டேலாது, இவன் மற்ற நாளே நடந்து வந்து பஸ் ஏறினான்.

அல்ட்ராசவுண்ட் முறைய நான் குறை சொல்லல்ல. எம்ஆர்ஐ பார்த்துச் செய்யிறதால கதிர் படாது, தோல்ல ஓட்டையும் இல்ல, 2020ல அமெரிக்காவில கை கால்ல வாற இந்தக் கட்டிக்கு அனுமதியும் குடுத்திருக்காங்க. ஆனா தடிச்ச எலும்புக்குள்ள அந்தச் சத்த அலை ஒழுங்காப் போகாது, மகன்ட கட்டியச் சுத்தி எலும்பு நல்லாத் தடிச்சிருந்தது. சுடக்குள்ள நோகும், அதுக்கும் மயக்கவோ விறைக்கவோ வேணும். ஊசி போனா அந்தத் துளையாலயே சோதனைக்குத் துண்டு எடுக்கலாம், அல்ட்ராசவுண்டில அது ஏலாது. தாய்க்கு அது பெரிய நிம்மதி, உங்கட கட்டுரையில அதப் பத்திக் கதையே இல்ல.

உறைய வைக்கிற கிரையோ முறையையும் விட்டிட்டீங்க. சிடில ஐஸ் எவ்வளவு தூரம் பரவுதெண்டு கண்ணாலயே தெரியும், நரம்புக்குக் கிட்ட, முள்ளந்தண்டில இரிக்கிற கட்டிக்கு அது உதவும். சூடு எங்க நிக்கிதெண்டு சிடில அப்பிடித் தெரியாது.

அடுத்த கிழமை இதையும் கொஞ்சம் சேத்துப் போடுங்க ஐயா, எனக்கு இன்னும் கோல் வந்துகொண்டிருக்கு.

இப்படிக்கு,
ஒரு தாய்,
களுவாஞ்சிகுடி