முதுகு காட்டிய பூக்கள்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தபோது நான் தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனில் மகள் வீட்டில் இருந்தேன். "பாலைவனத்தைப் பார்க்கவா இவன் அவ்வளவு தூரம் போனான்?" என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் போனிலேயே படித்துக் காட்டிவிட்டார்கள். பதில் சொல்கிறேன், கேள்.

கேப் டவுனிலிருந்து வடக்கே சுமார் 550 கிலோமீட்டரில் ஸ்பிரிங்பாக் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில்தான் கூகாப் இயற்கைக் காப்பகம். பாறையும் மணலுமான நமாக்வாலாந்து பூமி. அங்கே மழை குளிர்காலத்தில்தான், அதுவும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் சரியாகப் பெய்துவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் தரையே தெரியாமல் பூக்கிறது. விதைகள் எல்லாம் ஒரே வருஷத்தில் முளைத்துவிடாது. ஒரு பங்கு அடுத்தடுத்த வருஷங்களுக்கென்று மண்ணிலேயே கிடக்கும். வானம் பார்த்த பூமியில் பிழைக்கத் தெரிந்த செடிகள்!

போகும் வழியில் பூக்கள் அவ்வளவாக எடுபடவில்லை. காரணத்தை மருமகன்தான் சொன்னார். நம்மூர் நெருஞ்சி மாதிரி அவையும் சூரியனைப் பார்த்தே நிற்கும். அங்கே நடுப்பகல் சூரியன் வடக்கில். நாங்களும் வடக்கே போனதால் வழி நெடுக முதுகைத்தான் பார்த்தோம். திரும்பும்போது அதே சாலையில் ஆரஞ்சும் மஞ்சளும் கண்ணைப் பறித்தன. வண்டியை நிறுத்து நிறுத்து என்று அவரை ஒரு வழி பண்ணிவிட்டோம்.

காப்பகத்துக்குள் காலையில் போனால் எல்லாம் மூடிக் கிடந்தன. வெயில் நன்றாக ஏறி, பதினொரு மணி வாக்கில்தான் கடை திறந்தது. பிற்பகல் மூன்று, நான்குக்குள் கட்டிவிடும். மேகம் போட்டால் அன்றைக்கு விடுமுறை. ஒரு டெய்சி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பூவின் நடுவில் ஒரு வண்டு தலையைப் புதைத்திருந்தது, பின்னங்கால்கள் மட்டும் வெளியே. நான் எழுந்து வரும்வரை அது தலையை வெளியே எடுக்கவே இல்லை.

விலங்குகளும் உண்டு. ஜெம்ஸ்பாக் என்கிற நீளக் கொம்பு மான், மலை வரிக்குதிரை. அந்த வரிக்குதிரைக்குத் தொண்டையில் நம் மாட்டுக்கு இருப்பதுபோல் அலைதாடி தொங்குகிறது! ஆனால் எல்லாம் தூரத்தில்தான். மிருகம் பார்க்கத்தான் ஆசை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள். அங்கே மரமாக வளரும் ஒரு கற்றாழை இருக்கிறது. அதன் கிளையைக் குடைந்துதான் அந்த மண்ணின் ஆதிகுடிகளான சான் வேட்டைக்காரர்கள் அந்தக் காலத்தில் அம்பறாத்தூணி செய்துகொண்டார்களாம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் காலம் தள்ளியவன் நீ, உனக்கு இது பிடிக்கும். பக்கத்துக் கரோலஸ்பெர்க் மலையில் 1685-லேயே டச்சுக்காரர்கள் தாமிரம் தேடிக் குழி தோண்டியிருக்கிறார்கள். நம் தேவனாம்பட்டினத்தில் துணி வாங்கிக் கப்பலேற்றிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான்.

உன் பெண் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. முன்னதாகவே வந்துவிடுகிறோம். தை மாதத்தில் பலாப்பழத்துக்கு நான் எங்கே போவேன்? பண்ருட்டி முந்திரிதான் கொண்டுவருவேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ராஜு