பிலிப்பைன்ஸ் கலையும் அட்டைப்பெட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிலிப்பைன்ஸ் நாட்டின் சமகாலக் கலை மேற்கத்தியக் கலையின் நகலே என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவதை, வளைகுடாவிலிருந்து கயிறு கட்டி வரும் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தே வளர்ந்த கீழக்கரைக்காரனாகிய என்னால் ஏற்க இயலவில்லை. பிலிப்பைன்ஸிலும், வெளிநாட்டில் உழைப்போர் வீட்டுக்கு அனுப்பும் 'பாலிக்பயான்' பெட்டி அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. 2006இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிலிப்பைன்ஸ் கலைஞர்களான இசபெல், ஆல்ஃபிரடோ அக்கிலிசான் தம்பதியர், இடப்பெயர்வையே கருவாகக் கொண்டு, 2012இல் சிட்னியில் அட்டையாலான சிறுசிறு வீடுகளை அடுக்கி, கடலையே வாழிடமாகக் கொண்ட பஜாவ் மக்களின் குடியிருப்புகளை நினைவூட்டினர். பாம்பன் கரையோரக் குடிசைகளை அறிந்தவர்க்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அரசியலும் அப்படியே. 1972இல் அன்றைய அதிபர் மார்க்கோஸ் அறிவித்த இராணுவச் சட்டத்தின் அடக்குமுறைக்கு நடுவே, 1976இல் 'கைசஹான்' ஓவியர் குழு உருவானது. தொழிலாளரும் உழவரும் அவர்களது ஓவியங்களில் இடம்பெற்றனர். வெனிஸ் கலைக் கண்காட்சியில் அந்நாடு முதன்முதலில் பங்கேற்ற 1964, நமக்கோ தனுஷ்கோடி அழிந்த ஆண்டு. பிலிப்பைன்ஸ் மீண்டும் வெனிஸுக்குச் சென்றது 2015இல்தான்.

இக்கலையைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, ஏலத் தொகையைவிட அது பிறந்த தெருவையும் கரையையும் பற்றிக் கூடுதலாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கீழக்கரை