பிள்ளைகளுக்கு வரும் ஆப்சென்ஸ் வலிப்பை ஆசிரியர்கள் அடையாளம் காணப் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

பாடம் நடக்கும்போது பராக்குப் பார்க்கிறாள் என்று என் மகளைப் பள்ளியில் ரொம்ப நாளாகக் கண்டித்து வந்தார்கள். அது ஆப்சென்ஸ் சீஷர் என்கிற வலிப்பு என்பது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை எடுத்த பிறகுதான் தெரிந்தது. டீச்சர் மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. வலிப்பு என்றால் கீழே விழுந்து கை கால் வெட்டும், நுரை தள்ளும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருக்கிறோம். இதில் அது எதுவும் கிடையாது.

எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று நின்றுவிடும். பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும். இமை படபடக்கலாம், உதடு அசையலாம். பெரும்பாலும் 10, 15 நொடிதான். அப்புறம் ஒன்றும் நடக்காதது போல் எழுதத் தொடங்கும். ஒரே நாளில் பல தடவை வரும். 4 முதல் 10 வயதுக்குள் தொடங்குவதே அதிகம் என்பதால், முதலில் கண்ணில் படுவது வகுப்பாசிரியருக்குத்தான். பராக்குப் பார்க்கும் பிள்ளை தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை அந்த நொடிகளில் திரும்பாது. குறள் ஒப்பிக்கையில் பாதியில் நிற்கும். சொல்வதை எழுதும் நோட்டில் நடுநடுவே சொற்கள் விட்டுப்போயிருக்கும். அந்த நோட்டைத் திருத்துகிறவருக்கு இது தெரிந்திருந்தால் போதும்.

கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாத்திரையில் கட்டுப்படுகிறது. வளர வளரப் பலருக்கு நின்றும்விடுகிறது. கண்டுபிடிக்காவிட்டால் படிப்பு மட்டுமா போகும்? எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்துகிறவர்கள், சைக்கிளில் மெயின் ரோட்டைக் கடக்கிறவர்கள்.

ஆகவே, வட்டார வள மையங்களில் நடக்கும் ஆசிரியர் பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி, அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு வீடியோவுடன் விளக்கச் செய்ய வேண்டும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்களில் வலிப்பும் உண்டு. ஆனால் குழு பிள்ளையைப் பார்க்கும் சில நிமிடத்தில் இது வராமலே போகலாம். அதனால் அன்று வகுப்பாசிரியரிடமும் கட்டாயம் விசாரிக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சந்தேகம் வந்தால் பெற்றோரைத் தனியாக அழைத்துத்தான் சொல்ல வேண்டும். ‘காக்கா வலிப்பு’ என்று வகுப்பில் ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால், பெண் பிள்ளைக்கு அது கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் இதற்கு ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)